இருபத்தோராம் நாள் ஊசி

பிலோமிக்குக் கோபம் வந்தால் இறால் உரிக்கிற வேகம் இரண்டு மடங்காகிவிடும். அன்றைக்குச் சனிக்கிழமை. காசிமேட்டு இறால் கொட்டகையில் மற்றவர்கள் ஒரு கூடையை முடிப்பதற்குள் இவள் இரண்டாவது கூடையில் கை வைத்துவிட்டாள். தலையைக் கிள்ளி, ஓட்டைப் பிய்த்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துவிட்டு, சதையைத் தொட்டியில் எறிந்தாள். எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், போடவில்லை. எதிரே குந்தியிருந்த டோரதியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"இன்னாமே, அந்த இறா உன்ன இன்னா பண்ணுச்சு?"

"என்னாண்ட பேசாத டோரதி. இன்னைக்கு யாரும் என்னாண்ட பேசாதீங்கோ."

டோரதி முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கூடைக்குத் திரும்பினாள். விஷயம் அவளுக்கும் தெரியும். காசிமேட்டுக்கே தெரியும். தெரிய வைத்தது பிலோமியின் மாமியார் சிலுவையம்மாள். ராயபுரம் மார்க்கெட்டில் கருவாடு விற்கும் அந்தப் பெண்மணிக்கு வாய் ஒன்று போதாது. வாளைக் கருவாடு வாங்க வந்தவர்கள் எல்லாம் மருமகளின் கருப்பை விவரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

சுனாமி வருவதற்கு முந்தின வருஷத்து ஆடி மாதம் அது. தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தன. கரையெங்கும் சரக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியை மேல்காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டகைக்குள் இறைத்தது. உரித்த இறாலை நான்கு தடவை அலச வேண்டியிருந்தது. பிலோமி ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்றைத் திட்டினாள். காற்றைத் திட்டினால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

வியாழக்கிழமைதான் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். கீழ்ப்பாக்கத்தில் குழந்தை இல்லாதவர்கள் போகிற கிளினிக். டாக்டரம்மா அவளுடைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே பேசினாள்.

"வயசு முப்பத்தாறு ஆச்சு பிலோமினா. ரெண்டு தடவையும் முட்டை எடுக்கிறதுக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு. உங்க உடம்பு மருந்துக்கு அடங்கலை. இனிமே உங்க முட்டையை நம்பிப் பிரயோஜனம் இல்லைம்மா. வேற ஒரு பொண்ணுகிட்டேருந்து எடுத்து வச்சிடலாம். திங்கக்கிழமை ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

வேறொரு பெண்ணின் முட்டை. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் மாதாகோயில் படி ஏறி, வேளாங்கண்ணிக்கு நடந்து, கடைசியில் ஊசிக்கு வந்து, அதிலும் ஒன்றரை வருஷம் வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்ட பிறகு கிடைத்த பதில். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். 'உன் உடம்பு அடங்கலை' என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினாறு வயசிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை வைத்து உழைக்கிற உடம்பு இது. என்றைக்கு இது அடங்காமல் இருந்தது?

வீட்டில் சொன்னபோது மாமியார் வெற்றிலையை மென்றபடி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"எவ முட்டையா இருந்தா இன்னா? ரத்தம் என் புள்ளையோடதுதானே. கையெழுத்துப் போட்டுட்டு வா. கோளாறு உன்னாண்ட கீது, இன்னும் இன்னாத்துக்கு வீம்பு?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த யேசுதாஸ், பிலோமியின் புருஷன், தட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. நல்ல மனுஷன். குடி கிடையாது. ஆனால் அம்மா பேசுகிற இடத்தில் அவனுக்கு நாக்கு இருந்ததில்லை.

*

கொட்டகை வேலை முடிந்ததும் பிலோமி கையைச் சுண்ணாம்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கிளினிக் ஃபைல், ஊசி மருந்தின் காலிப் பெட்டிகள், உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். அவள் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. கொட்டகைக்காரரிடம் கேட்டு ஒரு கை இறாலும் வாங்கிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த ஜஹானாராவின் வீட்டுக்கு நடந்தாள்.

ஜஹானாராவை அவள் அறிந்தது கிளினிக் பெஞ்சில். ஜஹானாராவின் புருஷன் ரஹீம் லைனிங் துணிக்கடை வைத்திருந்தார். ஜஹானாரா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், முப்பது வயசு. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பெண்கள் குழம்புப் பக்குவம் பேசுகிற மாதிரி இந்த இரண்டு பேரும் ஊசிப் பக்குவம் பேசுவார்கள். உனக்கு எந்த ஊசி, எனக்கு எந்த ஊசி, எத்தனாம் நாள், எந்தப் பக்கம். அப்படிப் பேசிப் பேசித்தான் பிலோமிக்கு ஒரு சந்தேகம் வேர் விட்டிருந்தது.

கதவைத் திறந்த ஜஹானாராவின் முகம் வாடிக் கிடந்தது. பிலோமி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்துவிட்டாள்.

"உன் ஊசிச் சீட்டயும் எடுத்துனு வா. இன்னைக்கு ரெண்டத்தயும் பக்கத்துல வெச்சுப் பாத்துடணும்."

"இன்னாக்கா, வந்ததும் வராததுமா? டீ போடறேன், குந்து."

"டீ அப்பறம். இத்த பாரு. எனக்குத் தீட்டு வந்த இருபத்தோராம் நாள்லேர்ந்து குத்துறாங்கோ. வயித்துல இருபத்திநாலு நாளு. அதுல கடைசி பத்து நாளு கிளினிக்குக்குப் போயி இடுப்புலயும் ஒண்ணு. மொத்தம் முப்பத்திநாலு ஊசி. உனக்கு ரெண்டாம் நாள் ஆரம்பிச்சு பதினஞ்சே பதினஞ்சு. அதே டாக்டரு, அதே ரூமு, அதே கட்டிலு. இன்னாத்துக்கு இந்த வித்தியாசம்? நான் இறா உரிக்கிறவ, நீ துணிக்கட. அதானே?"

"ஐய, அப்டி இல்லக்கா."

"பின்ன எப்டி? சொல்லு."

ஜஹானாரா தன்னுடைய சீட்டைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் டாக்டரம்மாவாண்ட நோண்டி நோண்டிக் கேட்டேன். உன்னுது நீட்டு முறை. மொதல்ல முட்டப்பைய தூங்க வெச்சுடுவாங்க. அது தன் இஷ்டத்துக்கு முட்டைய வெளிய தள்ளிடக் கூடாது பாரு, அதுக்கு. நல்லா தூங்கினப்பறம் வளர்ற ஊசி போடுவாங்க. இவங்க சொல்ற அன்னைக்குத்தான் முட்ட வெளிய வரணும்."

"உன்னுது?"

"என்னுது குட்டை முறை. தூங்கல்லாம் வெக்கறதில்ல. ரெண்டாம் நாளே வளர்ற ஊசி. கொஞ்சம் வளந்ததும், உடையாம புடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு ஊசி, அஞ்சு நாளு. அந்தப் புடிச்சு நிறுத்தற ஊசி இப்பத்தான் புதுசா வந்துகீது, வெலை ஜாஸ்தி. ஆனா ரெண்டு ஊசிக்கும் வேல ஒண்ணுதான்கா. முட்ட முன்னாடியே உடையக் கூடாது. உன்னுது முன்கூட்டியே பூட்டுப் போடுது. என்னுது கடைசில வந்து கதவப் புடிச்சுக்குது."

"அப்ப உன்னுதுதான் ஒசத்தி. உனக்கு நின்னுருக்கும்."

ஜஹானாரா சீட்டை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"புதன்கெழம தலைக்கு ஊத்திகினேன்கா."

இறால் பொட்டலத்திலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்ததைப் பிலோமி இப்போதுதான் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"அறிவு கெட்டவ நான். வந்ததும் உன் மூஞ்சியப் பாத்துருக்கணும்."

"வுடுக்கா. எனக்கு முட்ட நல்லா வந்துச்சு, எடுத்தாங்க, உள்ள வெச்சாங்க, நிக்கல. அவ்ளோதான். எந்த முறையிலயும் நிக்காம போவும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. ஆனா உன் கத வேற." ஜஹானாரா திடீரென்று நிமிர்ந்தாள். "ஆமா, உனக்குத் தூங்க வெக்கற ஊசி போட்டும் முட்ட தானா உடைஞ்சுதுன்னா, அது தூங்கவே இல்லன்னுதானே அர்த்தம்?"

"அதத்தான் என் உடம்பு அடங்கலன்றாங்கோ."

"ரெண்டு வாட்டியுமா? எங்க நாத்தனாரு இந்த ஊசிதான் போட்டுகினா. உடம்பு குப்பு குப்புன்னு கொதிக்கும், தலவலி மண்டையப் பொளக்கும்னு அழுவா. உனக்கு வந்துச்சா?"

"ஒண்ணியும் வரல. நல்லா துன்னேன், நல்லா தூங்கினேன்."

"மருந்த எங்க வெச்சுருந்த?"

"ஐஸ்ல. எங்க வூட்டுல ஃப்ரிட்ஜ் ஏது? சிஸ்டர் ஐஸ்லயே வைம்மா, வெளிய வெக்காதன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்ட்டா. அவரு ஐஸ் கம்பெனிதானே. தெர்மாகோல் பெட்டில தினம் புதுசா ஐஸ் போட்டு, அதுக்கு மேல கல்லுப்பு போட்டு, அப்டிப் பாத்துகினாரு. காலைல எடுத்தா பாட்டிலு உள்ள கல்லு மேரி கெட்டியாக் கெடக்கும். கக்கத்துல இடுக்கிகினு பத்து மரியே வாழ்க சொன்னா உருகிடும். அப்பறம் குத்திக்குவேன்."

ஜஹானாரா பிலோமியின் பெட்டியிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"அக்கா, 'டூ நாட் ஃப்ரீஸ்'னு போட்டு கீது."

"அப்டின்னா?"

"உறைய வெக்கக் கூடாது. சில்லுன்னு இருக்கலாம், உறையக் கூடாதாம். உறைஞ்சா தூக்கிப் போடணுமாம்."

நாற்பத்தெட்டு காலைகள். நாற்பத்தெட்டு தடவை அந்தக் கல்லைக் கக்கத்தில் வைத்து உருக்கி, உருகிய தண்ணீரை வயிற்றில் குத்திக்கொண்டிருக்கிறாள். பிலோமி வயிற்றில் கையை வைத்தாள். அடிவயிற்றின் இரண்டு பக்கமும் ஊசித் தழும்பு இன்னும் பச்சையாகத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இன்னும் ஒண்ணு," என்று கிளினிக் ஃபைலைப் புரட்டிய ஜஹானாரா சொன்னாள். "பதினாலாம் ஊசிக்கு அப்பறம் ரத்தம் எடுத்து, தூங்கிடுச்சான்னு பாக்கணும்னு அட்டவணைல கீது. உனக்கு அந்த எடம் ரெண்டு வாட்டியும் காலியா கீதுக்கா. எடுத்தாங்களா?"

"ஸ்கேன் மட்டும் பாத்தாங்கோ. ரத்தமே எடுக்கல."

"எடுத்துருந்தா அன்னைக்கே தெரிஞ்சுருக்கும்."

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமி வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஐஸ் கம்பெனிக்குப் போனாள். ஞாயிறு என்றால் கடலுக்கு லீவு கிடையாது. திங்கள் விடியலில் போகிற போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. பலகை போட்டு மூடிய பெரிய உப்புத்தண்ணித் தொட்டிக்கு மேல் யேசுதாஸ் வெறுங்காலோடு நின்றான். தொட்டிக்குள் வரிசையாக இறக்கிய தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் பார்களாக நிற்கும். சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீர் ஐஸைவிடக் குளிர்ச்சி, ஆனாலும் உறையாது. பத்தொன்பது வருஷமாக அந்த வித்தையில் ஊறியவன் அவன். கம்பெனியில் ஐஸ் தாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யோவ்! எறங்கி வா."

மெஷின் இரைச்சலில் அவனுக்குப் பாதிதான் கேட்டது. கையில் கொக்கியோடு இறங்கி வந்தான்.

"இன்னா பிலோமி, இங்க வந்துகீற? அம்மாவுக்கு இன்னா?"

"உங்கம்மாவுக்கு ஒண்ணியும் இல்ல, வாய் உட்பட நல்லா கீது. என் மருந்த எதுல வெச்ச நீ?"

"இன்னா கேள்வி இது? உப்பு போட்ட ஐஸ்ல."

"இன்னாத்துக்கு உப்பு?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றிக் கேட்டால் எப்போதும் அப்படித்தான்.

"வெறும் ஐஸ்ல எத வெப்பாங்கோ? சந்தைல விக்காத மத்திய வெப்பாங்கோ. ஜப்பானுக்குப் போற இறா எப்டிப் போவுது? கல்லு மேரி உறைஞ்சு போவுது. நயம் சரக்குன்னா உறைய வெக்கணும். அதுக்கு உப்பு போட்டாத்தான் குளிர் ஏறும். என் பொண்டாட்டி மருந்த மத்தி மேரியா வெப்பேன்? யாராண்ட வேணா கேளு, ஐஸ் விஷயத்துல என்ன யாரும் மிஞ்ச முடியாது."

"அப்டியா? டீக்கடை தாமஸ் பால் பாக்கெட்ட இங்கதானே கொண்டாந்து வெப்பாரு. அத்த ஏன்யா உப்புப் பொட்டியாண்ட வெக்க வுட மாட்டேன்ற? போன மாசம்கூட அவராண்ட சண்ட போட்டியே?"

"பால எப்டி வெக்க வுடுவேன்? உறைஞ்சு உருகினா பாலு பாலாவா இருக்கும்? தண்ணி தனி, கட்டி தனியாத் திரிஞ்சு பூ..."

சொல் வாயிலேயே நின்றுவிட்டது. அவன் பிலோமியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. கொக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

பிலோமிக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கை அடிக்கத்தான் போயிற்று. மஞ்சள் பையால் அவன் மார்பில் நாலு சாத்துச் சாத்தினாள். ஐஸ் தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். யேசுதாஸ் தடுக்கவில்லை.

"ஆசையாத்தான் பண்ணேன் பிலோமி," என்றான்.

"தெரியும்யா. அது தெரியறதாலதான் எனக்கு வவுறு எரியுது. எவனாவது கெட்ட எண்ணத்துல பண்ணியிருந்தா அவன் குடுமியப் புடிச்சுருப்பேன்."

"அந்த சிஸ்டர்தானே ஐஸ்ல வைன்னு..."

"அவளயும் கேக்கப் போறேன். நாளைக்குக் கேக்கப் போறேன். மொதல்ல நீ சொல்லு. ஒரு வருஷமா உங்கம்மா என்ன மலடின்னு மார்க்கெட்ல வித்துகினு கீது. நீ குந்தினு சோறு துன்னுகினு இருந்த. இப்ப இன்னா பண்ணப் போற?"

அவன் தரையைப் பார்த்தான். "அம்மாவாண்ட இப்ப சொல்ல வேணா பிலோமி. மெதுவா..."

"மெதுவாவா? யோவ், நாளைக்கு எவளோ ஒருத்தியோட முட்டைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்கோ! உன் பேஜாரெல்லாம் அம்மாதானா?"

யேசுதாஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவளோடு நடந்தான். பத்தொன்பது வருஷத்தில் அவன் அப்படி விட்டுவிட்டு வந்ததில்லை. வீட்டு வாசலில் வெயிலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே போய் நின்றான்.

"அம்மா, கோளாறு அவளாண்ட இல்ல. நான்தான் மருந்தக் கெடுத்துட்டேன். ரெண்டு வாட்டியும். இனிமே மார்க்கெட்ல எதுனா சொல்றதுன்னா என் பேரச் சொல்லு."

சிலுவையம்மாள் கையில் நெத்திலியோடு அப்படியே இருந்தாள். அவளுக்குப் பேச்சு வராமல் போனதைப் பிலோமி அன்றைக்குத்தான் பார்த்தாள். அரை நிமிஷம் கழித்துத்தான் வந்தது.

"அவ்ளோ பெரிய டாக்டரம்மா, அது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்றாள். மருமகளைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்று மத்தியானம் வஞ்சிரத் துண்டில் நடுத்துண்டம் பிலோமியின் தட்டில் விழுந்தது. பிலோமி அதைத் தொடவில்லை. நடுத்துண்டத்தில் தீர்கிற கணக்கா அது?

*

திங்கட்கிழமை கிளினிக்குக்கு மூன்று பேர் போனார்கள். பிலோமி, யேசுதாஸ், அடுத்த தடவையைப் பற்றிக் கேட்க வந்த ஜஹானாரா. யேசுதாஸின் கையில் தெர்மாகோல் பெட்டி. டாக்டரம்மா கையெழுத்துக் காகிதத்தை நகர்த்தினாள். யேசுதாஸ் அதன் மேலேயே பெட்டியை வைத்துத் திறந்தான். உப்பு ஐஸுக்கு நடுவில் மிச்சம் இருந்த மருந்து பாட்டில். அதை எடுத்து மேஜையில் தட்டினான். உள்ளே எதுவும் அசையவில்லை.

"இப்டித்தான் வெச்சேன், டாக்டரம்மா. ரெண்டு வாட்டியும் இப்டித்தான்."

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "யார் இப்படி வைக்கச் சொன்னது?"

கதவருகே நின்ற சிஸ்டர் முந்திக்கொண்டாள். "ஐஸ்ல வைக்கத்தான் மேடம் சொன்னேன். ஃப்ரிட்ஜ் இல்லைன்னாங்க."

டாக்டரம்மா பிலோமியின் பக்கம் திரும்பினாள். "உள்ளே பேப்பர் இருக்கே, அதை யார்கிட்டயாவது குடுத்துப் படிச்சிருக்கலாமே நீங்க?"

பிலோமி அதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்துவிட்டாள்.

"படிச்சோம். தோ, இந்தப் பொண்ணு படிச்சுது. உன் பேப்பர்லயே இன்னொண்ணும் கீது. பதினாலாம் ஊசிக்கப்பறம் ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு. எனக்கு எடுத்தியா?"

"ஸ்கேன்ல அடங்கின மாதிரிதான் தெரிஞ்சுது. அதனால..."

"அடங்கின மேரியா? மேரி தெரிஞ்சுதா? நாப்பத்தெட்டு நாளு உறைஞ்ச தண்ணிய வயித்துல குத்திகினு வந்து நின்னேன். என் முட்டப்பை தூங்கவே இல்ல, அது பாட்டுக்கு அதோட வேலையப் பாத்துச்சு. ஒழுங்காப் பாத்துச்சு! அத்தப் போயி அடங்காத உடம்புன்னு எழுதிட்ட. என் வயச எழுதிட்ட. என் முட்டைய எவளோ ஒருத்தியோடத வெச்சு மாத்தப் பாத்த. எங்க வூட்டுக்காரு பண்ணது தப்பு, அவரு ஒத்துகினாரு. நீ பண்ணத நீ எப்ப ஒத்துக்குவ?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ரத்தம் பார்த்திருக்கணும்," என்றாள். "நான் பார்க்கலை."

"அப்ப அந்த வரிய அடி."

"எந்த வரி?"

"என் உடம்பு அடங்கலன்னு எழுதிகீற வரி. என் எதிர்ல அடி."

டாக்டரம்மா ஃபைலைத் திறந்து ஒரு கோடு போட்டாள். கீழே இரண்டு வரி எழுதினாள். பிலோமி ஃபைலை வாங்கி ஜஹானாராவிடம் நீட்டினாள். ஜஹானாரா நிதானமாகப் படித்தாள்.

"மருந்து உறைஞ்சு கெட்டுப் போச்சு, ரத்தப் பரிசோதனை பண்ணல, ரெண்டு வாட்டியும் கணக்குல எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதி கீதுக்கா. உன் மேல ஒண்ணும் இல்ல."

பிலோமி உட்கார்ந்தாள்.

"திரும்ப முயற்சி பண்ணலாம்," என்றாள் டாக்டரம்மா. "நீட்டு முறையே போடலாம், மருந்து இங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும். இல்லைன்னா குட்டை முறை. ஆனா உத்தரவாதம் ஒண்ணும் தர முடியாது. வயசு நான் சொன்னது பொய் இல்லை."

"உத்தரவாதம் கேக்கல. எது போட்டாலும் அது இன்னா, எதுக்கு, எப்டி வெக்கணும், எப்ப ரத்தம் பாக்கணும்னு எனக்குச் சொல்லிட்டுப் போடு. போன வாட்டி மேரி குத்திகினு நிக்க மாட்டேன்."

கையெழுத்துக் காகிதம் பெட்டிக்கு அடியில் நனைந்து ஊறிப் போயிருந்தது. யேசுதாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். காகிதத்தை யாரும் எடுக்கவில்லை.

வெளியே வந்தார்கள். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவர்களுக்கு முன்பே வெளியே வந்துவிட்ட சிஸ்டர் ஜன்னலில் நின்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வள்ளூரிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு வயசுகூட இருக்காது, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கா? இல்லையா? அப்ப ஐஸ்ல வச்சுக்கோம்மா. அடுத்து யாரு?"

யேசுதாஸ் நின்றுவிட்டான். அதற்குள் பிலோமி திரும்பியிருந்தாள். வரிசையை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"எந்த ஐஸு?"

சிஸ்டர் ஏறிட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு நிக்குது பாரு. எந்த ஐஸு, எவ்ளோ ஐஸு, உறைஞ்சா இன்னா பண்ணணும்? எல்லாத்தையும் சொல்லு. சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புடு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை. ஒருத்தி தன் கையிலிருந்த மருந்துப் பெட்டியைத் திறந்து துண்டுச் சீட்டைத் தேட ஆரம்பித்தாள். அடுத்த ஆள் நகர்ந்து வரவேயில்லை.